செல்லப்பிள்ளையோடு சண்டை வேண்டாம், முடிவுக்குக் காரணம் கேளுங்கள்

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். மொத்தம் ஒன்பது பேர். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த மேனேஜருக்கு ஒரு செல்லப்பிள்ளை உண்டு. அந்தப் பையன் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது, ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) முதல் ஆடிட் வரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்று மேனேஜருக்கு அவர் சொன்னதே வேதம். மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் க்ளோசிங் நேரத்தில் அவருக்கு மட்டும் லீவு கிடைக்கிறது. ஒரே பில்லை இரண்டு தடவை பாஸ் செய்து பணமும் போய்விட்டது, "மனுஷன்தானே, விடுங்க" என்றார் மேனேஜர். நான் ஒரு வவுச்சரில் தேதியைத் தப்பாகப் போட்டதற்குப் பிரிவு முழுவதற்கும் காப்பி வைத்து மெயில் அனுப்பினார். போன மாதம் அறிவிப்பே இல்லாமல் அந்தப் பையனை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை, மீட்டிங்கிலும் வாயைத் திறப்பதில்லை. மேலிடத்தில் புகார் கொடுக்கலாமா, வேலையை விட்டுவிடலாமா? "உனக்குப் பொறாமையோ?" என்று வீட்டுக்காரரே கேட்கிறார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். பொறாமை கொஞ்சம் இருக்கலாம். இருந்தால் என்ன? கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த ஒருவர் நமக்கு மேலே போய் உட்காரும்போது மனசு சுருக்கென்று ஆவது யாருக்கும் நடப்பதுதான். பொறாமை இருக்கிறது என்பதற்காக அநீதியே நடக்கவில்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பதவி வரப்போகிறது, இன்னின்ன தகுதி வேண்டும், விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள் என்று முதலிலேயே அறிவித்து, உங்களையும் கூப்பிட்டுப் பேசி, அப்புறம் அவரைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இதே அளவு வலித்திருக்குமா? வருத்தம் இருந்திருக்கும், ஆனால் இந்த எரிச்சல் இருந்திருக்காது என்று உங்களுக்குத் தோன்றினால், வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம், அந்தப் பையன் மேலே போனது எனக்குப் பெரிய விஷயமில்லை, என்னை ஒரு ஆளாகவே மதிக்காமல் அதைச் செய்ததுதான் வலிக்கிறது என்று.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எங்கள் பணியிட ஆலோசனைத் துறையில் நிறையப் பேருக்குத் தெரியும். ஒரு நிறுவனம் தன் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதத்தை வெட்டியது. ஒரு தொழிற்சாலையில் நிலைமை என்ன, ஏன் இந்த முடிவு என்று நேரம் எடுத்து விளக்கி, வருத்தமும் தெரிவித்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். விளக்கம் கிடைக்காத தொழிற்சாலையில் பொருட்கள் திருட்டுப் போவது மளமளவென்று கூடியது, விளக்கம் கிடைத்த இடத்தில் அந்த அளவுக்கு இல்லை. வெட்டியது என்னவோ ஒரே 15 சதவீதம்தான். ஆக, காரணம் சொல்லாமல் ஒரு முடிவைத் தலையில் போடும்போது மனிதர்களுக்குக் கோபம் வருவது உங்கள் ஒருவரின் குணக்கோளாறு கிடையாது.

சரி, மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மேனேஜருக்கு ஒருவரோடு கூடுதல் நெருக்கம் இருப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1970-களிலேயே ஜார்ஜ் கிரேன் என்பவரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மேலதிகாரி தன் கீழே இருக்கும் எல்லோரோடும் ஒரே மாதிரி உறவு வைத்துக்கொள்வதில்லை, சிலர் சீக்கிரமே உள்வட்டத்துக்குள் போய்விடுகிறார்கள், மற்றவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நல்ல தலைமை இருக்கும் இடத்திலும் இது நடக்கும். நெருக்கத்தை வைத்து அளவுகோலை மாற்றும்போதுதான் அது பாரபட்சம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, உங்கள் பிரிவில் நடந்தது அதேதான்: இரட்டைப் பேமெண்ட் போனதற்கு "விடுங்க", வவுச்சர் தேதிக்கு எட்டுப் பேர் பார்க்க மெயில். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே கனமான விஷயம் இதுதான், வேதவாக்கு என்பதெல்லாம் இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மேனேஜரை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்த மாதிரி நிறையப் பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவரைத் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார், மற்றவர்களை மிதிக்கிறார் என்றுதான் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் பல பேரிடம் இருப்பது பயம். புதிதாக வந்த மேனேஜருக்கு, அந்தப் பிரிவின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த ஏழு வருட ஊழியர் ஒரு பலமாகத் தெரிய வேண்டும். தன் மேல் நம்பிக்கை இல்லாதவருக்கோ, தனக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற ஆபத்தாகத்தான் தெரிவார். அப்போது தன்னை எதிர்த்து ஒரு கேள்வியும் கேட்காத, தான் வந்த பிறகு தன் கண்ணெதிரே வளர்ந்த ஒரு இளைஞர் கிடைத்தால் அவரிடம் ஒட்டிக்கொள்வது அவருக்குச் சுலபம். அந்த மெயிலையே பாருங்கள். உங்களைக் கூப்பிட்டு "தேதி தப்பா இருக்கு, மாத்திடுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாததால் எட்டுப் பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இரட்டைப் பேமெண்டுக்கு அந்தப் பையனைக் கண்டிக்காமல் விட்டதும் அதே பலவீனம்தான், அங்கே வாயைத் திறக்கவே முடியவில்லை, இங்கே மெயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இதற்காக நீங்கள் அவரை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் பயந்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பது வேறு, வன்மம் பிடித்த மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பது வேறு, அதனால் சொல்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகராக ஆவதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் ஆறு பேரை நான் மேய்த்தேன், வாராவாரம் வெள்ளிக்கிழமை டியூட்டி சார்ட் போடுவது என் வேலை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன் என்று மனசாரவே நம்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெண், அதிகம் பேச மாட்டார், எந்த வேலை கொடுத்தாலும் தலையாட்டுவார். ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தோடு இன்னொரு தாளையும் என் மேஜையில் வைத்தார். ஆறு மாத டியூட்டி சார்ட், எல்லாம் என் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. 26 ஞாயிறில் அவருக்கு 17. என்னோடு தினமும் டீ குடிக்கப் போகும் ஒருவருக்கு 3. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, "பாத்துக்கோங்க சார்" என்றார், அவ்வளவுதான். "நீங்க பாரபட்சம் பாக்குறீங்க" என்று சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்த 17-க்கும் 3-க்கும் முன்னால் என்னிடம் பதில் இல்லை. கேட்டால் தலையாட்டுபவரிடம் கேட்பது சுலபமாக இருந்தது, கேட்டால் முகம் சுளிக்கும் நண்பரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, இதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் ராஜினாமா செய்வதற்கு மூன்று மாதம் முன்னால் அதே தாளைக் கொண்டுவந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வருகிறது.

அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். "பாரபட்சம்", "செல்லப்பிள்ளை", "ஜால்ரா" இந்த வார்த்தைகளை ஆபீஸுக்குள் யாரிடமும் உபயோகிக்காதீர்கள், மேனேஜரிடம் மட்டுமல்ல, பக்கத்து சீட்டிலும் வேண்டாம். ஒருவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் நிரூபிக்கவே முடியாது, அவரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்த முடிவு அப்படி இல்லை, அதற்குத் தேதி இருக்கும், காரணம் கேட்கலாம், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் நோட்டுகளில் பெரும்பாலும் "இன்றைக்கும் அவனுக்குத்தான் சப்போர்ட் செய்தார், எனக்கு அவமானமாக இருந்தது" என்ற மாதிரிதான் பக்கம் பக்கமாக இருக்கும், அதை வைத்து ஹெச்.ஆர். ஒன்றும் செய்ய முடியாது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை க்ளோசிங், நான் லீவு கேட்டது இந்தத் தேதி, மறுக்கச் சொன்ன காரணம் இது, அதே க்ளோசிங்கில் இன்னொருவருக்கு இரண்டு நாள் லீவு கொடுக்கப்பட்டது" என்று இருந்தால் அது பேசும். மனசு எப்படி இருந்தது என்பதை வேறு நோட்டில் எழுதுங்கள், அதுவும் வேண்டியதுதான், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். கம்பெனி மெயிலையோ கணக்கு விவரங்களையோ உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தைக் காட்டி உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவார்கள், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. எழுதும்போது எதிர்க் கணக்கையும் எழுதுங்கள்: அந்தப் பையனுக்கு லீவு மறுக்கப்பட்ட நாள் உண்டா, உங்களுக்குக் கிடைத்த சலுகை ஏதாவது உண்டா? ஒருவேளை நாம் நினைத்த அளவுக்கு வித்தியாசம் இல்லை என்று தெரியவந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம் மேனேஜரிடம் தனியாக நேரம் கேளுங்கள். க்ளோசிங் வாரத்தில் வேண்டாம். முதல் தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது டீம் லீடர் பதவியாக இருக்கட்டும். "சார், டீம் லீடர் பொறுப்புக்கு எனக்கும் ஆசை இருந்தது. எதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தீங்கன்னு தெரிஞ்சா, அடுத்த தடவைக்கு நான் தயார் பண்ணிக்குவேன்." இவ்வளவு போதும். இதில் அந்தப் பையன் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், ஏழு வருடம் என்பதும் வரவில்லை. சீனியாரிட்டியைத் தூக்கிப் பிடித்தால் "சீனியாரிட்டி மட்டும் போதாதும்மா" என்ற பதில் அவரிடம் தயாராக இருக்கும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்பதை இதுவரை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதுண்டா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நன்றாக வேலை செய்தால் தானாகவே கவனிப்பார்கள் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் நிறைய, குறிப்பாகப் பெண்கள், வளர்த்த விதம் அப்படி. கேட்காதவர் பெயர் அவர்களுக்கு ஞாபகத்திலேயே வருவதில்லை.

அவர் மழுப்பினால் அடுத்த கேள்வி: "அப்போ நான் எதையெல்லாம் வளர்த்துக்கணும் சார், இரண்டு மூணு விஷயம் சொல்லுங்க." சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் அன்றைக்கே ஒரு சின்ன மெயில், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, நீங்கள் சொன்னவை இவை, இரண்டு மாதம் கழித்து இதைப் பற்றி மறுபடி பேசலாமா என்று. யாருக்கும் காப்பி வைக்க வேண்டாம். "மேலிடத்து முடிவு, என் கையில இல்ல" என்று கைவிரித்தால், "சரி சார், மேல யாரிடம் கேட்டா விவரம் கிடைக்கும்?" என்று அவரிடமே கேளுங்கள், அப்போது நீங்கள் மேலே போவது அவருக்குத் தெரியாமல் போனதாக ஆகாது. வவுச்சர் மெயிலைப் பற்றி இன்னொரு நாள் பேசுங்கள்: "என் தப்பை என்னிடம் நேரா சொல்லுங்க சார், உடனே திருத்திடுறேன், எல்லாருக்கும் போகும்போது கஷ்டமா இருக்கு." பயந்த மனிதர்களிடம் இது பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் நீங்கள் அவரைத் தாக்கவில்லை.

அந்த இரட்டைப் பேமெண்ட். இதை உங்கள் குறையோடு சேர்த்து ஆயுதமாக எடுக்காதீர்கள். ஆனால் விட்டுவிடவும் கூடாது. கொடுத்த பணம் திரும்பி வந்ததா, அல்லது அந்தப் பார்ட்டியின் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப்பட்டதா, புத்தகத்தில் பதிவு இருக்கிறதா? இருந்தால் விஷயம் முடிந்தது, தப்பு யாருக்கும் நடக்கும் என்று மேனேஜர் சொன்னது சரிதான், அதே வாக்கியம் உங்களுக்குக் கிடைக்காததுதான் குறை. பதிவே இல்லாமல் மூடி வைக்கப்பட்டிருந்தால் அது கணக்கில் ஓட்டை, தெரிந்தும் சும்மா இருந்தால் நாளைக்கு ஆடிட்டில் உங்கள் பெயரும் வரும். அந்த நிலையில் அதைத் தனியாக, எழுத்தில், வேலை விஷயமாக மட்டும் மேனேஜரிடம் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உள் தணிக்கைக்கோ நிதித் தலைவருக்கோ போக வேண்டிய விஷயம் அது. பதவி கிடைக்காத கடுப்பில் போட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு வராமல் இருக்க இரண்டு விஷயங்களுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்.

மேலிடத்தில் புகார் என்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் படியாக வேண்டாம் என்கிறேன். மேனேஜரிடம் இரண்டு தடவை பேசி, எழுத்தில் பதிவும் இருந்து, ஒன்றும் மாறவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் போங்கள். அங்கேயும் "அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்" என்று ஆரம்பிக்காமல், பதவிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அப்ரைசலில் இன்னொருவரும் மதிப்பெண் போட வேண்டும் என்று முறையைக் கேளுங்கள். இரண்டாவது ஆள் வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஸ்கல்லன், மவுண்ட், காஃப் என்ற மூவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஊழியர்களுக்குப் போடப்படும் மதிப்பெண்ணில் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பெண் போடுகிறவரின் தனிப்பட்ட பார்வையிலிருந்து வருகிறது, வேலை செய்தவரின் திறமையிலிருந்து அல்ல என்று கண்டார்கள். ஒரு கை போடும் மதிப்பெண்ணை நம்பி ஏழு பேர், எட்டுப் பேர் வாழ்க்கையை வைப்பது அந்த நிறுவனத்துக்கே நல்லதில்லை.

ஒரு விதிவிலக்கு. இந்தச் சலுகைக்குப் பின்னால் சாதியோ மதமோ, ஆண் என்பதோ காரணம் என்பதற்கு உங்களிடம் அடையாளம் இருந்தால் கதையே வேறு. வேலையிலும் பதவி உயர்விலும் இனம், பாலினம், மதம், சமூகப் பின்னணி பார்த்து ஒதுக்குவதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958-லேயே தன் 111-ம் உடன்படிக்கையில் பாகுபாடு என்று சொல்லிவிட்டது. வெறும் நெருக்கத்தினால் வரும் பாரபட்சத்துக்குச் சட்டம் பெரும்பாலும் துணைக்கு வராது, இதற்கு வர வாய்ப்பு உண்டு. அப்படியானால் மேனேஜரிடம் பேசி நேரத்தைக் கழிக்காமல் நேரே ஹெச்.ஆரிடமும், தேவைப்பட்டால் வக்கீலிடமும் போங்கள்.

இப்போது உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை. மீட்டிங்கில் வாயைத் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜான் பிரான்சுவா மன்சோனி, ஜான் லூயி பார்சூ என்ற இருவர் 1998-ல் இதை விளக்கி எழுதினார்கள். ஒருவர் சுமார்தான் என்று மேலதிகாரி மனதில் பதிந்துவிட்டால் அவரை அதிகமாக நோண்டுவார், நோண்ட நோண்ட அந்த ஊழியர் ஒதுங்குவார், ஒதுங்கியதைப் பார்த்து "நான் நினைத்தது சரிதான்" என்று மேலதிகாரி முடிவு கட்டுவார். உங்கள் மௌனத்தை நீங்கள் எதிர்ப்பு என்று நினைக்கிறீர்கள், அந்த அறையில் இருப்பவர்களுக்கு அது ஆர்வமின்மையாகத் தெரியும். அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு விஷயமாவது சொல்லுங்கள், க்ளோசிங்கில் எங்கே தாமதம் ஆகிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

ராஜினாமா? கோபத்தில் வேண்டாம். காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறியுங்கள். அதுவரை மேலே சொன்னதைச் செய்யுங்கள், கூடவே ரெஸ்யூமேயைத் தூசி தட்டி, தெரிந்தவர்களிடம் சொல்லியும் வையுங்கள், இரண்டையும் ஒன்றாகவே செய்யலாம். அந்தத் தேதிக்குள் உங்கள் எந்தக் கேள்விக்கும் நேரான பதில் வரவில்லை, ஹெச்.ஆரும் கைவிட்டது என்றால் கிளம்புவது தோல்வி இல்லை. காலையில் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் போய்விட்டது என்று உடம்பு சொல்ல ஆரம்பித்திருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பையன். அவர் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். மூன்று வருட அனுபவத்தில் எட்டுப் பேருக்கு லீடர், அதில் பாதிப் பேராவது அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன், செய்த தப்பை யாரும் கண்டிக்காததால் அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் வழியில்லை. ஆடிட் வந்தால் சந்தேகம் கேட்க அவருக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள், இப்போது நீங்களும் பேசுவதில்லை. பழைய மாதிரி ஓடி ஓடிச் செய்து கொடுங்கள் என்று சொல்லவில்லை, அவர் வேலையை அவர் செய்யட்டும். ஆனால் நாளைக் காலை அவர் சீட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு குட் மார்னிங் சொல்லுங்கள்.